நெபுலாவின் சிவப்பு பொய்யா? சனியையும் நெபுலாவையும் ஒரே கருவியில் எடுக்கலாமா?

கேள்வி இதுதான்: “வானம் பார்க்கும் நிகழ்ச்சி ஒன்றில் எட்டு அங்குலத் தொலைநோக்கி வழியாக ஓரியன் நெபுலாவைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு புகைத்திட்டுதான் தெரிந்தது. படங்களில் வரும் சிவப்பும் நீலமும் எங்கே போயின? எல்லாம் கம்ப்யூட்டரில் பூசுகிற சாயமா? சனியின் வளையத்தையும் நெபுலாவையும் நானே படம் எடுக்க ஆசை. வீடு திருச்சி நகருக்குள். கையில் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?”

முதலில் நிறத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நெபுலா என்பது விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம். அந்தச் சிவப்பு உண்மையான சிவப்பு. அன்று இரவு தொலைநோக்கிக்குள் அது வந்துகொண்டுதான் இருந்தது. உங்கள் கண்ணால் அதைப் பிடிக்க முடியவில்லை.

நம் விழித்திரையில் இரண்டு வகை செல்கள். கூம்பு செல்கள் நிறம் அறியும், ஆனால் நல்ல வெளிச்சம் இருந்தால்தான் வேலை செய்யும். கோல் செல்கள் மங்கலிலும் பார்க்கும், ஆனால் அவற்றுக்கு நிறம் தெரியாது. நிலா இல்லாத ராத்திரியில் கொல்லையில் நிற்கும் செம்பருத்தியைப் பாருங்கள். இலை ஓரளவு வெளிறித் தெரியும், பூ கறுப்பாக இருக்கும். பூவின் சிவப்பு எங்கும் போய்விடவில்லை. கோல் செல்கள் 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை ஒளியைத்தான் நன்றாக உணரும். சிவப்பு அவற்றுக்கு இருட்டு. ஓரியன் நெபுலாவில் ஹைட்ரஜன் உமிழும் சிவப்பு 656.3 நானோமீட்டர். நம் இரவுக்கண் ஏறக்குறையக் குருடாக இருக்கும் இடத்தில் போய் அது விழுகிறது. அதே நெபுலாவில் ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் ஒளிர்வதால், பெரிய தொலைநோக்கியில் பார்க்கும் சிலருக்கு லேசான பச்சை தட்டுப்படும். அன்று வரிசையில் நின்றவர்களில் யாராவது “பச்சையா இருக்கே” என்று சொல்லியிருந்தால் அவர் சரியாகவே பார்த்திருக்கிறார்.

இன்னொரு குறையும் கண்ணுக்கு உண்டு. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் அது ஒளியைச் சேர்த்துவைக்காது. தூறலில் கையை நீட்டினால் உள்ளங்கை ஈரமாகும், அவ்வளவுதான். அதே தூறலில் அண்டாவை வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் தண்ணீர் நிற்கும். கேமரா அந்த அண்டா.

இதை முதலில் நெபுலாவில் செய்துகாட்டியவர் அமெரிக்காவின் ஹென்றி டிரேப்பர். 1880 செப்டம்பர் 30 அன்று 11 அங்குலத் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் பதிவு செய்தார். நெபுலா ஒன்றின் முதல் புகைப்படம் அது. (நிலாவை 1840இலேயே படம் எடுத்த ஜான் வில்லியம் டிரேப்பர் இவருடைய தந்தை.) 1883இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ காமன் 36 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியால் அதே நெபுலாவை எடுத்தபோது, அதே கருவியில் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியாத நட்சத்திரங்கள் தகட்டில் இருந்தன. கண் பார்த்ததை நகலெடுக்கும் வேலையை வான்புகைப்படக்கலை அன்றே கடந்துவிட்டது.

நிறத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நெபுலாவின் நிறம் அங்கே என்ன பொருள் இருக்கிறது என்று சொல்கிறது. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தபோது, பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத பச்சைக் கோடுகள் கிடைத்தன. புதுத் தனிமமாக இருக்கலாம் என்று எண்ணி ‘நெபுலியம்’ என்று பெயரும் வைத்தார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் அந்தப் புதிர் நின்றது. இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் அது என்று 1927இல் ஐரா போவன் விளக்கினார். நம் ஆய்வகங்களில் எட்ட முடியாத அளவுக்கு வாயு அடர்த்தி குறைந்து கிடக்கும் இடத்தில்தான் அந்த ஒளி பிறக்கும். ஆக, ஓரியன் படத்தில் சிவப்பு என்றால் ஹைட்ரஜன், நடுவில் நீலப்பச்சை என்றால் ஆக்சிஜன், மேலே சற்றுத் தள்ளித் தெரியும் நீலம் தூசியில் பட்டுத் தெறிக்கும் நட்சத்திர ஒளி. சாயம் பூசியவர் யாருமில்லை.

உங்கள் சந்தேகம் நியாயமாகிற இடம் ஒன்று உண்டு. ஹப்பிள் தொலைநோக்கி 1995 ஏப்ரலில் எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தைப் பார்த்திருப்பீர்கள். கழுகு நெபுலாவுக்குள் நிற்கும் தூசித்தூண்கள். அதில் நிறங்கள் ஒதுக்கப்பட்டவை. கந்தகத்தின் ஒளியும் ஹைட்ரஜனின் ஒளியும் இரண்டுமே சிவப்பு. அப்படியே காட்டினால் எது எதுவென்று பிரிக்க முடியாது. அதனால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று அலைநீள வரிசையிலேயே பங்கிட்டுக் கொடுத்தார்கள். நில வரைபடத்தில் மலைக்கு ஒரு நிறம், சமவெளிக்கு ஒரு நிறம் கொடுப்பது போல. இப்படித்தான் செய்தோம் என்று சொல்லிவிட்டால் அதில் ஏமாற்று இல்லை. எனக்கு ஒப்பாதது வேறு: ஓர் இரவில் எடுத்த பால்வீதியை வெட்டி, இன்னோர் ஊரில் எடுத்த கோபுரத்தின் பின்னால் ஒட்டி, “நேற்று எடுத்தேன்” என்று போடுவது. அந்தத் திசையில் பால்வீதி எழும்பவே எழும்பாது என்பது வானம் தெரிந்தவருக்கு ஒரே பார்வையில் தெரியும். ஒட்டுப்படம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அழகும் நிற்கும், நம்பிக்கையும் நிற்கும்.

இனி கருவி. இரண்டுக்கும் ஒரே தொலைநோக்கி தேடாதீர்கள். கோள் படத்துக்கும் நெபுலா படத்துக்கும் பொதுவாக இருப்பது இருட்டில் நிற்பது ஒன்றுதான். கோளுக்கு எதிரி காற்று. நெபுலாவுக்கு எதிரி ஒளிப்பஞ்சம்.

அளவை வைத்துப் பாருங்கள். ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் கிடைக்கும் பங்கு ஒரு வில்விநாடி. முழுநிலா சுமார் 1800 வில்விநாடி அகலம். வியாழன் மிக நெருங்கி வரும்போதுகூட 50. நிலாவின் குறுக்கே 36 வியாழன்களை வரிசையாக அடுக்கலாம். ஓரியன் நெபுலாவோ ஒரு பாகைக்கும் மேல், இரண்டு நிலா அகலம். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் (நம் பால்வீதியைப் போன்ற இன்னொரு கேலக்ஸி) மூன்று பாகை, ஆறு நிலா. நெபுலா தெரியாததற்கு அது சின்னதாக இருப்பது காரணமென்று பலர் நினைத்து, உருப்பெருக்கம் அதிகமான தொலைநோக்கியை வாங்கி ஏமாறுகிறார்கள். அது பெரியது, ஆனால் மங்கலானது. கோள் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் பொடி.

கோளிலிருந்து தொடங்கலாம், நகரத்து மொட்டைமாடிக்கு ஏற்றது அதுதான். வியாழன், சனியின் வெளிச்சத்துக்கு முன் தெருவிளக்குகளால் பெரிய பாதிப்பு இல்லை. சிக்கல் நம் தலைக்கு மேலுள்ள காற்று. சித்திரை வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் கானல் அலையும்போது எதிரே வரும் பஸ் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். தொலைநோக்கியில் கோள் அப்படித்தான் நெளியும். நடுநடுவே, விநாடியின் சிறு துண்டு நேரம், காற்று அசையாமல் நிற்கும். அப்போது வியாழனின் பட்டைகள் கோடு கிழித்தாற்போல் தெரியும். அந்தத் துண்டுகளைப் பொறுக்கி எடுப்பதுதான் கோள் படக்கலை.

அதனால் கோளைப் புகைப்படமாக எடுப்பதில்லை, வீடியோவாக எடுக்கிறோம். தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையை எடுத்துவிட்டு, அங்கே ஒரு சிறிய யு.எஸ்.பி. கேமராவைச் செருகி, விநாடிக்கு நூறு ஃபிரேம் வீதம் இரண்டு நிமிடம் பதிவு செய்தால் 12,000 ஃபிரேம் கிடைக்கும். ‘ஆட்டோஸ்டேக்கர்ட்’ என்ற இலவச மென்பொருள் அவற்றைத் தரம் பிரித்து வரிசைப்படுத்தும். முதல் பத்து சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிறகு ‘ரெஜிஸ்டாக்ஸ்’ போன்ற ஒன்றில் கூர்மையாக்க வேண்டும். கலங்கிய உருண்டையிலிருந்து வியாழனின் பெருஞ்சிவப்புப் புள்ளி என்ற புயல் எழுந்து வருவதை முதன்முறை பார்க்கும்போது கை நடுங்கும். எனக்கு நடுங்கியது.

இரண்டு நிமிடம் என்று சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். எட்டு அங்குலத் தொலைநோக்கியால் பிரித்துக் காட்டக்கூடிய நுணுக்கம் சுமார் 0.6 வில்விநாடி. வியாழனின் நடுவிலுள்ள ஒரு மேகம் அவ்வளவு தூரம் நகர இரண்டரை நிமிடம்கூட ஆகாது. அதற்கு மேல் பதிவு செய்தால் கோள் தன் சுழற்சியாலேயே தன் படத்தைக் கலைத்துவிடும். சனியில் அடையாளங்கள் குறைவு, அங்கே நாலைந்து நிமிடம் எடுக்கலாம்.

திருச்சியில் இருப்பதால் உங்களுக்குப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. கோள்கள் எல்லாம் சூரியப் பாதையை ஒட்டியே போகின்றன. லண்டனில், அந்தப் பாதையின் தென்கோடியில் கோள் இருக்கும் ஆண்டுகளில், அது உச்சத்துக்கு வந்தாலும் தொடுவானத்திலிருந்து 15 பாகைதான் எழும்பும். அடர்ந்த, கலங்கிய காற்றின் வழியாகப் பார்க்க வேண்டும். திருச்சியில் அதே கோள், அதன் மிக மோசமான ஆண்டிலும், சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். பிலிப்பைன்ஸின் செபு நகரிலிருந்து கோள் படமெடுக்கும் கிறிஸ்டோபர் கோ, 2006 தொடக்கத்தில், வியாழனில் வெள்ளையாக இருந்த ஒரு புயல் சிவந்துவிட்டதைத் தன் படத்தில் கண்டுபிடித்தார். தொழில்முறை வானியலாளர்கள் அதற்குப் பிறகுதான் பெரிய தொலைநோக்கிகளை அங்கே திருப்பினார்கள். செபு இருப்பது கொடைக்கானலின் அட்சரேகையில். 2009 ஜூலையில் வியாழனில் ஏதோ மோதிய கறுப்புத் தழும்பை முதலில் பார்த்த அந்தோணி வெஸ்லியும் ஆஸ்திரேலியாவில் தன் வீட்டுத் தோட்டத்தில், 14.5 அங்குலத் தொலைநோக்கியோடு நின்றவர்தான்.

மொட்டைமாடியில் ஓர் எச்சரிக்கை. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் நள்ளிரவு வரை கக்கிக்கொண்டே இருக்கும். மண்தரை கிடைத்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் பதினொரு மணிக்கு மேல் தொடங்குங்கள். பக்கத்து வீட்டு ஏ.சி. வெளியலகுக்கு மேலாகக் கோளைப் பார்க்காதீர்கள். தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்து ஆறவிடுங்கள். வானம் கண்ணாடி போல் துலங்கும் இரவுதான் நல்லது என்று நினைக்க வேண்டாம்; லேசாகப் பனி படர்ந்து, மரத்தில் ஓர் இலைகூட ஆடாத இரவுகளில்தான் என்னுடைய நல்ல சனிப் படங்கள் கிடைத்தன.

இந்த வேலைக்கு எட்டு அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் கையால் திருப்பும் ஆடித் தொலைநோக்கி) போதும். 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவுக்கு எஃப்/15 அளவில் குவிய விகிதம் (குவியத் தூரத்தைத் தொலைநோக்கியின் விட்டத்தால் வகுத்தால் வருவது) அமைந்தால் சரியாக இருக்கும். எஃப்/6 டாப்சோனியனில் குவியத் தூரத்தை 2.5 மடங்காக்கும் பார்லோ வில்லையைப் போட்டால் அங்கே வந்துவிடுவீர்கள். மோட்டார் இல்லையே என்று கவலை வேண்டாம். கோளைப் பார்வைப்புலத்தின் ஓர் ஓரத்தில் வைத்து, மறு ஓரம் வரை தானாக நகரவிட்டு, திரும்பத் திரும்பப் பதிவு செய்யலாம். எல்லா ஃபிரேமிலும் கோளை நடுவுக்குக் கொண்டுவர மென்பொருள் இருக்கிறது.

நெபுலா வேறு உலகம். அதற்கு இருட்டும் நேரமும் வேண்டும். வானம் விநாடிக்கு 15 வில்விநாடி நகர்கிறது. ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்துவைத்தால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துக் கேமராவைத் திருப்பும் தாங்கி வேண்டும்: ஸ்டார் டிராக்கரோ, ஈக்குவடோரியல் மவுண்ட்டோ. பணத்தை முதலில் இதில் போடுங்கள், லென்ஸ் பிறகு. சுமாரான லென்ஸும் உறுதியான மவுண்ட்டும் சேர்ந்தால் படம் வரும். விலை உயர்ந்த தொலைநோக்கியை ஆடும் மவுண்ட்டில் வைத்தால் ஒன்றும் வராது.

மவுண்ட் வாங்கும்போது நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையை யாரும் சொல்வதில்லை. மவுண்ட்டின் அச்சை வடதுருவத்துக்கு நேராக வைக்க வேண்டும். துருவ நட்சத்திரத்தைக் குறிவைத்து அதைச் செய்யும்படி கையேட்டில் எழுதியிருக்கும். துருவ நட்சத்திரத்தின் உயரம் நாம் நிற்கும் அட்சரேகைக்குச் சமம். திருச்சியில் அது 11 பாகை, கன்னியாகுமரியில் 8. தென்னந்தோப்போ, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ, தொடுவானப் புகையோ அதை மறைத்துவிடும். தவிர, ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனத்தில் வைத்துச் செய்த சில மவுண்ட்களை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்க முடியாது. சாய்த்தாலும் எதிர் எடையின் கம்பி முக்காலியின் காலில் முட்டும். கடையில் “11 பாகைக்கு இறங்குமா?” என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். துருவம் தெரியாத இடத்தில், வானத்தின் மூன்று பகுதிகளைப் படமெடுத்து அச்சின் பிழையைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதி ‘நினா’ போன்ற இலவச மென்பொருளில் உண்டு. லேப்டாப் இருந்தால் அதுவே வழி.

பிறகு அடுக்குதல். ஓர் ஒற்றைப் படத்தில் நெபுலாவை விட இரைச்சல் (படமெங்கும் மணல் தூவியது போன்ற புள்ளிகள்) அதிகமாக இருக்கும். படங்களை நான்கு மடங்காக்கினால் தெளிவு இரு மடங்காகும். இன்னும் இரு மடங்கு வேண்டுமென்றால் பதினாறு மடங்கு. அதனால்தான் ஒரே நெபுலாவில் ஐந்தாறு இரவுகளைச் செலவழிக்கிறார்கள். லென்ஸை மூடி எடுக்கும் டார்க் படங்களும், சீரான வெளிச்சத்தை எடுக்கும் ஃபிளாட் படங்களும் கட்டாயம். கொல்லிமலையில் மூன்று மணி நேரம் ஓரியனை எடுத்துவிட்டு, களைப்பில் ஃபிளாட் எடுக்காமல் படுத்துவிட்டேன். சென்சாரில் ஒட்டியிருந்த தூசியெல்லாம் படத்தில் வட்டம் வட்டமாக நின்றது. எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாக நீக்க முடியவில்லை. விடிந்ததும் லென்ஸின்மேல் வெள்ளை வேட்டித் துணியை இழுத்துக் கட்டி, வானத்தைப் பார்த்து முப்பது படம் எடுத்திருந்தால் போதும்.

உங்கள் டி.எஸ்.எல்.ஆர். பற்றி ஒன்று. கேமரா கம்பெனிகள் மனித முகம் இயல்பாக வரவேண்டுமென்று சென்சாரின் முன் ஒரு ஃபில்டர் வைக்கின்றன. ஹைட்ரஜனின் அந்த 656 நானோமீட்டர் சிவப்பில் பெரும்பகுதியை அது தின்றுவிடும். ஆகவே ஓரியன் உங்களுக்கு அடர்சிவப்பாக வராமல் இளஞ்சிவப்பாக வரும். குதிரைத்தலை நெபுலா மிகவும் சிரமப்பட்டுத்தான் தலைகாட்டும். வானத்துக்கென்றே அந்த ஃபில்டரை மாற்றி வந்த கேமராக்கள் உண்டு; 2015இல் வந்த நிக்கான் டி810ஏ ஒன்று. ஆனால் முதல் வருடம் இருப்பதை வைத்தே பழகுங்கள்.

எப்போது, எங்கே? ஜனவரி முதல் ஏப்ரல் வரை நமக்குக் காலம். ஓரியன் நெபுலா திருச்சியில் சுமார் 74 பாகைக்கு ஏறும், கிட்டத்தட்ட உச்சந்தலை. ஏப்ரல், மே மாதங்களில் நள்ளிரவுக்கு மேல் பால்வீதியின் மையம் விருச்சிகத்தையும் தனுசையும் தொட்டுக்கொண்டு மேலேறி நிற்கும். ஆனால் நான் உங்களை இழுத்துக் காட்ட விரும்புவது மார்ச், ஏப்ரல் மாதங்களின் தெற்குத் தொடுவானத்தை. அங்கே கரினா நெபுலா 19 பாகை உயரத்துக்கு வரும். ஓரியனை விடப் பெரியது. லண்டனில் அது உதிப்பதே இல்லை. டெல்லியில் இரண்டு பாகைகூட எழாது. வானியலாளர் வேணு பாப்பு 1960களில் தொலைநோக்கிக்கு இடம் தேடி ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு இருளோடு இந்தத் தென்வானமும் ஒரு காரணம். அங்கே 1986இலிருந்து நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வடக்கத்தி நண்பர்கள் பொறாமைப்படும் வானம் இது. நம்மில் பலர் ஒருமுறைகூடத் தெற்கே திரும்பிப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

கொல்லிமலையோ பச்சைமலையோ போனால் காட்டுக்குள் இறங்காமல், தங்கும் விடுதியின் திறந்த வெளியிலேயே அனுமதி கேட்டு நில்லுங்கள். பின்னிரவில் லென்ஸில் பனி கோக்கும். பவர்பேங்கில் ஓடும் சூடேற்றும் பட்டை ஒன்றைச் சுற்றிவிடுங்கள். சூரியனை மட்டும் அதற்குரிய ஃபில்டர் இல்லாமல் எந்த லென்ஸிலும் பார்க்கவோ படமெடுக்கவோ கூடாது. ஒரு கணத்தில் கண் போய்விடும்.

எல்லோரும் எடுத்து முடித்த வானத்தில் இனி என்ன இருக்கிறது என்று தோன்றினால், ஆண்ட்ரோமீடாவை நினைத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட மண்டலங்களில் அது ஒன்று. அதன் பக்கத்திலேயே ஆக்சிஜன் ஒளியில் ஒரு பெரிய நீல வில் இருப்பதை 2022இல் பொழுதுபோக்குப் படக்காரர்கள் மூவர் கண்டுபிடித்தார்கள்: சைந்தி, டிரெக்ஸ்லர், ஸ்ட்ரோட்னர். பல இரவுகள் ஒளியைச் சேர்த்தபின் அது வெளிவந்தது. பயன்படுத்தியது சுமார் நான்கு அங்குலத் தொலைநோக்கி.

ஒன்றும் வாங்காமலே தொடங்கலாம். தை அமாவாசையை ஒட்டிய இரவில், எட்டரை மணிக்கு, நகரத்தை விட்டு முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போங்கள். முக்காலியில் 50 மி.மீ. லென்ஸ், எஃப்/2.8, ஐ.எஸ்.ஓ. 1600, ஐந்து விநாடி. திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கீழே வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களை நடுவில் வைத்து, லைவ் வியூவில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து, இருநூறு படம் எடுங்கள். இருபது படத்துக்கு ஒருமுறை நடுவுக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். மூடியைப் போட்டு இருபது டார்க், காலையில் வேட்டித் துணியோடு முப்பது ஃபிளாட். ‘சிரில்’ என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் கொடுத்து அடுக்கி, மெதுவாக வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுக் கீழே, ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடுப்பில் கத்தி தொங்குவதாகச் சொல்லும் இடத்தில், அன்று நீங்கள் சாம்பலாகப் பார்த்த அதே புகைத்திட்டு, இளஞ்சிவப்பாக இருக்கும்.